காந்தம் ஒட்டிய கார்

2013 ஏப்ரல். ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகருக்கு வெளியே ஒரு வீட்டு வாசலில், சிவப்பு நிற 1970 ஷெவெல் காரின் பின்சக்கரத்தருகே அவன் முழங்காலிட்டிருந்தான். காருக்கு நடுவில் இரண்டு கறுப்புப் பட்டைகள், வெயிலில் மின்னும் குரோம். அவன் கையில் ஒரு காந்தம். வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்தது. பெயிண்டைக் கீறிவிடக்கூடாதென்று பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தான். கதவில் வைத்தான், சட்டென்று பிடித்துக்கொண்டது. பின்சக்கரத்தின் மேல்வளைவில் வைத்தான், நழுவி விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தான், அங்கேயும் விழுந்தது. தகரம் என்று கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டி. துரு தின்ற ஓட்டைமேல் பட்டியை அப்பித் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மெழுகும் போட்டிருந்தார்கள்.

விற்பவர் கேட்ட விலை 14,000 டாலர். அவன் கையில் இருந்தது 12,000. பேரம் பேசினால் படிந்துவிடும் என்ற நம்பிக்கையில் காலையில் மிச்சிகனிலிருந்து கிளம்பி வந்திருந்தான். காந்தத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினான். வீடு வந்து சேரும்வரை ரேடியோவைக்கூடப் போடவில்லை.

இந்த ஆசை அவனுக்கு வந்த இடம் உட்வர்ட் அவென்யூ. டெட்ராய்ட் நகரின் நடுவிலிருந்து வடமேற்காகப் போன்டியாக் நகர் வரை போகும் சாலை அது. 1960களில் இளைஞர்கள் இரவு நேரங்களில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட சாலை. கார் நிறுவனங்களின் பொறியாளர்களே தாங்கள் செய்த வண்டிகளை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்ததுண்டு. 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் குழந்தைகளின் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டுவதற்காகப் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றை நடத்தினார்கள். அது ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் பெரிய திருவிழாவாக வளர்ந்துவிட்டது. வேலைக்காக மிச்சிகன் வந்த முதல் கோடையில், அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று அவனும் மடக்கு நாற்காலியோடு சாலையோரம் போய் உட்கார்ந்தான். முதலில் வந்தது சத்தம். காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் கேட்டது அது. அடர்பச்சை நிறத்தில் ஒரு போன்டியாக் ஜி.டி.ஓ. ஊர்ந்து வந்து அவன் முன்னால் சிக்னலுக்கு நின்றது. நின்ற இடத்திலேயே, கட்டிப்போட்ட காளை மாதிரி, லேசாக இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது.

அன்று இரவே படிக்கத் தொடங்கினான். ஜி.டி.ஓ. பிறந்த கதையே ஒரு குறுக்குவழி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கெல்லாம் உத்தரவு போட்டிருந்தது. போன்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் அந்த உத்தரவில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஏறத்தாழ 296 டாலருக்குக் கிடைக்கும் கூடுதல் வசதியாக 1964இல் விலைப்பட்டியலில் சேர்த்தார்கள். 5,000 வண்டி போகும் என்று கணக்குப் போட்டது நிறுவனம். முதல் ஆண்டில் போனது 32,450.

அவனை அதைவிடப் பிடித்து உலுக்கியது பிளைமவுத் ரோடு ரன்னரின் கதை. 1968இல் அந்தக் காரைச் செய்தவர்கள் தங்களுக்கு இரண்டு இலக்குகளை வைத்துக்கொண்டார்கள்: கால் மைலை 14 விநாடிக்குள் கடக்க வேண்டும், விலை 3,000 டாலருக்குள் நிற்க வேண்டும். அதற்காகத் தரைக் கம்பளத்தை எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். தனித்தனி இருக்கைகளுக்குப் பதில் நீளமான ஒரே பெஞ்ச் சீட்டை வைத்தார்கள். மிச்சம் பிடித்த காசெல்லாம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போனது. கார்ட்டூன் பறவையின் பெயருக்கு மட்டும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, அதன் குரல் மாதிரியே ஹார்னும் செய்தார்கள். முதல் ஆண்டில் சுமார் 45,000 கார்கள் விற்றன.

அதாவது இவை பணக்காரர்களுக்காகச் செய்த கார்கள் அல்ல. தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் தவணையில் எடுக்கட்டும் என்று செய்தவை. அதே கார்கள் இன்று ஏலக் கூடங்களில் கண்ணாடி போலத் துடைத்து நிற்கின்றன. 1971ஆம் ஆண்டு ஹெமி எஞ்சின் வைத்த திறந்த பிளைமவுத் குடா ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974இல் ஒருவர் விளம்பரம் பார்த்துச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வர அதை ஓட்டிக்கொண்டிருந்தார். 2020இல் ஃபுளோரிடா ஏலத்தில் அது 37 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில், 12,000 டாலரோடு அவன் நின்றான்.

வீட்டில் ஒப்பந்தம் தெளிவாகவே இருந்தது.

"ஏங்க, பன்னிரண்டாயிரத்துக்கு மேல ஒரு டாலர்கூட வேண்டாம். வாங்கின பெறகு ரிப்பேருக்கும் அதுலயே எடுத்து வச்சிருங்க. அப்படிக் கெடச்சா நானும் கூட வந்து பாக்குறேன்" என்றாள் மனைவி. குழந்தையின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் பக்கத்திலேயே இருந்ததால், அந்தக் கோட்டை அவனும் தாண்ட நினைக்கவில்லை.

டொலீடோவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மறுநாள், பக்கத்து வீட்டுக் கிழவரிடம் நடந்ததைச் சொன்னான். 31 ஆண்டுகள் கார் தொழிற்சாலையின் ப்ரெஸ் ஷாப்பில் தகடு அழுத்தும் இயந்திரத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர் அவர். காந்தத்தை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேலை செய்தாய். ஆனால் நீ முதலில் காரின் பெயரைப் பார்க்கிறாய். பிறகுதான் தரையைப் பார்க்கிறாய். அதை மாற்றிக்கொள்" என்றார். அன்று முதல் சனிக்கிழமை காலைகள் அவருடைய ஷெட்டில் பாடம்.

முதல் பாடம் உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியே தெரியும் துரு விரல் நகம் அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்பார் கிழவர். ஒவ்வொரு கம்பெனிக் காருக்கும் துரு பிடிக்கும் இடம் வேறு. ஆரம்பகால மஸ்டாங்கில் கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் கூட்டில் தண்ணீர் தேங்கித் தரைவிரிப்புக்கு அடியில் ஒழுகும். ஷெவெல், ஜி.டி.ஓ. குடும்பத்தில் பின்கண்ணாடியைச் சுற்றிய பள்ளம். மேற்கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் அதன் அடியில் தகரமே இருக்காமல் போகலாம். பிளைமவுத் உள்ளிட்ட கிறைஸ்லர் வண்டிகளில் டிக்கித் தரை, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் வந்து சேரும் குறுக்குச் சட்டம். மற்ற இடங்களில் ஓட்டை விழுந்தால் தகரம் வைத்து வெல்டிங் செய்துவிடலாம். அந்தக் குறுக்குச் சட்டம் போனால் காரின் முதுகெலும்பே போன மாதிரி.

இரண்டாவது பாடம் காகிதம். அதைக் கற்க அவன் ஒரு ஜி.டி.ஓ.வைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் லான்சிங் பக்கத்தில் 1965 ஜி.டி.ஓ. ஒன்று 11,500 டாலருக்கு வந்தது. காந்தம் ஒட்டியது. தரை கெட்டியாக இருந்தது. முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் மூன்றெழுத்துச் சின்னங்கள், பானெட்டில் காற்று வாங்கும் மூக்கு. அவன் கைகள் நடுங்கின. முன்பணம் கொடுக்கப் பையைத் தொட்டவனைக் கிழவர் தோளில் தட்டி நிறுத்தி, சேஸிஸ் நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார். 1966 முதல் ஜி.டி.ஓ. தனி மாடல், நம்பர் 242 என்று தொடங்கினால் போதும், சந்தேகமே இல்லை. ஆனால் 1964, 1965 கார்களில் அது கூடுதல் வசதி மட்டும்தான். ஆகவே நம்பரில் லெமான்ஸ் என்றுதான் இருக்கும். டிலோரியன் குழு கண்டுபிடித்த அதே ஓட்டை, ஐம்பது ஆண்டு கழித்துப் போலிகளுக்கும் வழி திறந்துவிட்டிருந்தது. நல்லவேளையாகப் போன்டியாக்கின் பழைய தொழிற்சாலைப் பதிவுகளைப் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் நகல் தரும். வந்த நகலில் அந்தக் கார் 326 கன அங்குல எஞ்சினோடு வெளியே போன சாதாரண லெமான்ஸ் என்று இருந்தது. சின்னங்களை யாரோ பின்னால் வாங்கி ஒட்டியிருந்தார்கள்.

ஷெவெல் எஸ்.எஸ்.ஸிலும் இதே சிக்கல் உண்டு. 1966 முதல் 1968 வரை நம்பரே காட்டிக்கொடுத்துவிடும். 1969இலிருந்து அது வசதித் தொகுப்பாக மாறிவிட்டதால், சீட்டுக்கு அடியிலோ பெட்ரோல் டேங்கின் மேலோ ஒட்டிக்கிடக்கும் தொழிற்சாலைத் தாள் கிடைத்தால்தான் உறுதி. இந்த விஷயத்தில் கிறைஸ்லர் கார்கள் நேர்மையானவை. சேஸிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்தே அந்தக் காரில் எந்த எஞ்சின் பிறந்தது என்று சொல்லிவிடும்.

மூன்றாவது பாடம் கணக்கு. செப்டம்பரில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 1969 ரோடு ரன்னர் 6,000 டாலருக்கு இருந்தது. அசல் கார், அசல் காகிதம். ஆனால் அது பதினேழு அட்டைப்பெட்டிகளில் இருந்தது. தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டார். அன்று மாலை காபிக் கடையில் உட்கார்ந்து கிழவரும் அவனும் ஒரு தாளில் எழுதினார்கள்: எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய இவ்வளவு, தகர வேலை, பெயிண்ட், சீட் உறை, வயரிங், காணாமல்போன குரோம் பாகங்கள். கூட்டிப் பார்த்தால் காரையும் சேர்த்து 26,000. "முடித்த காரை வாங்குவதுதான் மலிவு. அடுத்தவன் செலவழித்ததில் பாதியைத்தான் அவன் விலையில் கேட்க முடியும்" என்றார் கிழவர். அந்தத் தாளை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருந்தான். ஹெம்மிங்ஸ் மாத இதழின் விளம்பரப் பக்கங்களைப் பேனாவோடு படித்தான். புகழ்பெற்ற பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அவற்றின் உடன்பிறப்புகளை எழுதினான். ஜி.டி.ஓ.வுக்குப் பதில் லெமான்ஸ் என்ற பெயரிலேயே விற்கும் லெமான்ஸ். ஓல்ட்ஸ்மொபில் 442க்குப் பதில் அதே கம்பெனியின் கட்லஸ். ஷெவெல் எஸ்.எஸ்.ஸுக்குப் பதில் ப்யூக் ஸ்கைலார்க். ஒரே சேஸிஸ். எஞ்சின் கொஞ்சம் சின்னது, விலை பாதி.

இன்னொரு கதவையும் திறந்தான். 1972 வண்டிகளைப் பலர் ஒதுக்குகிறார்கள், குதிரைத்திறன் குறைந்துவிட்டது என்று. அதில் பாதிதான் உண்மை. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971இலேயே தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. அது நிஜமான குறைவு. ஆனால் 1972இல் அளக்கும் முறையே மாறியது. அதுவரை ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்தார்கள். பிறகு காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். கிறைஸ்லரின் 318 கன அங்குல எஞ்சின் 1971 பட்டியலில் 230 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு, ஏறத்தாழ அதே எஞ்சின், 150. காகிதத்தில் தொலைந்த குதிரைகளால்தான் அந்த ஆண்டுக் கார்களின் விலை இறங்கிக் கிடந்தது.

அப்படித்தான் டஸ்டர் அவன் கண்ணில் பட்டது. வேலியன்ட் என்ற சிக்கனக் குடும்பக் காரைப் புதுப்பிக்கப் பிளைமவுத்துக்கு ஒதுக்கிய தொகை 1.5 கோடி டாலர். அதில் வடிவமைப்பாளர்கள் முன்பாதியை அப்படியே விட்டுவிட்டு, பின்பாதியை மட்டும் சரிந்த கூரையோடு புதிதாக வரைந்தார்கள். 1970இல் வந்த அந்தக் கார் முதல் ஆண்டிலேயே 2 லட்சத்துக்கும் மேல் விற்றது. 340 கன அங்குல எஞ்சின் வைத்த டஸ்டரின் தொடக்க விலை 2,547 டாலர். பெரிய எஞ்சின் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் போட்டு இளைஞர்களை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. ரோடு ரன்னர் யாருக்காகப் பிறந்ததோ, அவர்களுக்காகவே இதுவும் பிறந்தது. ஜி.டி.ஓ., ரோடு ரன்னர் போன்றவற்றுக்குச் சொல்லும் 'மஸில் கார்' என்ற பெயரை இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அளவில் சின்னது என்பார்கள். அவன் அந்த வாதத்தில் தெளிவாக டஸ்டரின் பக்கம் நின்றான்.

பிளைமவுத் என்ற பெயருக்கு வேறொரு இழுப்பும் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் அவன் தாத்தா பார்கோ லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவர். பம்பாய் பிரீமியர் கம்பெனி கிறைஸ்லர் உரிமத்தில் செய்த லாரி. எந்தக் காரையும் 'பிளசர்' என்றே சொல்லும் ஊரில், தாத்தா மட்டும் ஒவ்வொரு வண்டியையும் கம்பெனிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வண்டியைத் தொடுவதற்கு முன் கீழே குனிந்து பார்க்கும் பழக்கம் அவருக்கும் உண்டு.

2014 மே மாதம், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் பக்கத்தில் ஒரு விளம்பரம். 1972 டஸ்டர், 318 எஞ்சின், ஆட்டோமேட்டிக், நீலம், 9,600 டாலர். உப்பு அதிகம் கொட்டாத தெற்கு. கிழவர் தன் பிக்அப் வண்டியில் வாடகை ட்ரெய்லரை மாட்டினார். மனைவி சொன்ன வாக்கைக் காப்பாற்றி, சாப்பாட்டுக் கூடையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். இன்டர்ஸ்டேட் 75இல் நேர் தெற்காக ஐந்நூறு மைல்.

போனதும் அவன் முதலில் செய்தது பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தது. குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. காலையில் எழுப்பினால் எப்படி எழும் என்று பார்த்துவிடலாம். இரண்டாவது சுழற்சியில் பற்றிக்கொண்டது. சைலன்சரில் நீலப்புகை இல்லை. கியர் ஆயில் குச்சியைத் துடைத்து முகர்ந்தான். கருகல் வாடை இல்லை, நிறம் இன்னும் சிவப்பு. டயர்களின் பக்கத்தில் அச்சடித்த நான்கு இலக்கங்கள் பதினோரு ஆண்டுக்கு முந்தைய வாரத்தைக் காட்டின. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருந்தது. சீட் நூல் பிரிந்திருந்தது. பிரேக் நான்கும் டிரம், மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. பெயிண்ட் பலகாலம் முன்பே மங்கிவிட்டது.

பிறகு போர்வையை விரித்து அடியில் நுழைந்தான். டிக்கித் தரை, ஸ்பிரிங் மாட்டும் இடம், குறுக்குச் சட்டம். ஸ்குரூடிரைவரின் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டு போனான். எல்லா இடத்திலும் கணீரென்ற ஒரே ஓசை. வெளியே வந்து காந்தத்தைப் பின்சக்கர வளைவில் வைத்தான். ஒட்டியது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. மனைவி காந்தத்தை வாங்கி, தானே காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தாள். ஓட்டுநர் கதவின் அடியில் ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தது. விற்பவர் மறைக்காமல், அங்கே ஒரு முறை அடிபட்டதாகச் சொன்னார்.

8,900 டாலருக்குப் பேசி முடித்தார்கள். உரிமைப் பத்திரத்தில் இருந்த எண்ணும் காரில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன.

மீதி 3,100 அடுத்த ஆறு மாதத்தில் ஒழுங்காகக் கரைந்தது. முதலில் பிரேக்: சிலிண்டர்கள், ஷூக்கள், புது உலோகக் குழாய்கள். பிறகு நான்கு டயர். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அரித்துவிடும் என்று பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினான். கார்புரேட்டரைக் கிழவரின் ஷெட்டில் பிரித்துக் கழுவி மாட்டக் கற்றுக்கொண்டான். பெயிண்டுக்குப் பணம் மிஞ்சவில்லை. அந்த மங்கிய நீலத்தோடுதான் அந்த ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் ஊர்ந்தான். சாலையோர மடக்கு நாற்காலியிலிருந்து ஒரு முதியவர் எழுந்து வந்து, தன்னுடைய முதல் கார் இதேதான் என்று கண்ணாடி வழியாகக் கைகொடுத்தார்.

ஆனாலும் அந்தக் காரை நினைத்தால் அவனுக்கு முதலில் வருவது டென்னசியிலிருந்து திரும்பிய இரவு. சேஸிஸ் நம்பரை வழியெல்லாம் மனத்துக்குள் பிரித்துக்கொண்டே வந்தான். வி என்றால் வேலியன்ட் வரிசை. ஐந்தாவது எழுத்து ஜி, 318 எஞ்சின். அடுத்து 2, ஆண்டு. ஏழாவது எழுத்து பி. அது கார் பிறந்த தொழிற்சாலை: ஹாம்ட்ராம்க், டாட்ஜ் சகோதரர்கள் 1910இல் கட்டத் தொடங்கிய பழைய ஆலை. இன்டர்ஸ்டேட் 75 அதை ஒட்டித்தான் டெட்ராய்டைக் கடக்கிறது. அவன் கேட்டதும் கிழவர் மறுபேச்சில்லாமல் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கினார்.

பழைய ஆலை 1980இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது. அதே நிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை விளக்குகளோடு நின்றது. அப்போது அங்கே செவ்ரோலே வோல்ட் செய்துகொண்டிருந்தார்கள், மின்சாரத்தில் ஓடும் கார். வேலியோரம் ட்ரெய்லரை நிறுத்தினார்கள். அவன் ட்ரெய்லரில் ஏறி, காரின் முன்கண்ணாடியில் படிந்த சாலைப் புழுதியைச் சட்டைக்கையால் துடைத்து, டார்ச் அடித்து டாஷ்போர்டின் மூலையில் இருந்த தகட்டைப் பார்த்தான். மனைவியைக் கூப்பிட்டு அந்த எழுத்தைக் காட்டினான். கீழே கிழவர், வரும் வழியில் தளர்ந்திருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னும் பத்து மைல் இருந்தது.